போர்ட்டிங் பண்ணின சிலிண்டர் ஹெட் வாங்கப் போறீங்களா? கேட்கிற விலைக்குத் தகுமான்னு படிப்படியா பார்க்கிற வழி

சிலிண்டர் ஹெட்டுங்கிறது எஞ்சின் மேல உட்கார்ற, வால்வும் அதைத் திறக்கிற கேம் தண்டும் இருக்கிற பாகம். அதுல காத்து போய் வர்ற பாதைதான் போர்ட், அதை வெட்டி வடிவம் மாத்துறதுதான் போர்ட்டிங். போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தம்பி ஹோண்டா பி16ஏ எஞ்சின் ஹெட் ஒண்ணை துண்டுல சுத்தி சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல நாங்க வேலை செய்ற வொர்க்‌ஷாப்புக்குத் தூக்கிட்டு வந்தான். போர்ட் உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, கூடவே லேமினேட் பண்ணின ஃப்ளோ ஷீட் (போர்ட் வழியா எவ்வளவு காத்து போகுதுன்னு அளந்த பேப்பர்) வேற, 2400 வெள்ளி கொடுத்திருக்கான். அந்த ஹெட் இன்னைக்கு வரைக்கும் எந்த எஞ்சின்லயும் ஏறல. கேம் கேப்ல (கேமைப் பிடிச்சு வைக்கிற மூடி) மூணு வேற ஏதோ ஹெட்டோடது, நாலாவது சிலிண்டர் இன்டேக் போர்ட் அடியில தண்ணிப் பாதை பக்கத்துல எப்பாக்ஸி பூசி மேல சாண்ட்பேப்பர் போட்டு மறைச்சிருக்கு.

அவன் ஏமாந்ததுக்குக் காரணம் பார்த்த வரிசை. முதல்ல பளபளப்பு, அப்புறம் பேப்பர்ல இருக்கிற பெரிய நம்பர், அப்புறம் விலை, கடைசியில வீட்டுக்கு வந்து மத்ததெல்லாம். புதுசா இதுல இறங்குற பசங்க நிறைய பேர் இதே வரிசையிலதான் போறாங்க. நான் சொல்ற வரிசை நேர் தலைகீழ்: ஹெட்டையே குப்பைக்கு அனுப்பக்கூடிய விஷயம் எதுவோ, அதுலயும் செலவில்லாம பார்க்க முடியுறது எதுவோ, அது முதல்ல. ஃப்ளோ நம்பர் கிட்டத்தட்ட கடைசி.

உதாரணத்துக்கு ஹோண்டா பி சீரிஸ் விடெக் (ஆர்பிஎம் ஏறினா பெரிய கேம் மேட்டுக்கு மாறுற அமைப்பு) ஹெட்டையே எடுத்துக்கிறேன், எங்க கைக்கு அதிகம் வர்றது அதுதான். முறை 4ஜி63, கே20, 4ஏஜிஇ மாதிரி மத்த எஞ்சின் எல்லாத்துக்கும் அதேதான், அளவை மட்டும் அந்தந்த சர்வீஸ் மேனுவல்ல பார்த்து மாத்திக்குங்க.

1. ஹெட்டைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி உங்க எஞ்சினைப் பேப்பர்ல எழுதுங்க

ஒரே ஹெட் ஒருத்தருக்கு 2000 வெள்ளி பெறும், இன்னொருத்தருக்கு 800 கூட பெறாது. எஞ்சின்தான் அதை முடிவு பண்ணுது. அதனால இந்த விஷயமெல்லாம் கையில இருக்கணும்: போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்), பிஸ்டன் தலை மேடா பள்ளமா, இப்ப இருக்கிற கம்ப்ரஷன், கேமோட உண்மையான வால்வு லிஃப்ட், எத்தனை ஆர்பிஎம் வரைக்கும் போகப் போறீங்க, என்ன பெட்ரோல், டர்போவா இல்லையா.

இதுல கேம் லிஃப்ட்தான் முக்கியம். உங்க கேம் வால்வை 10.7 எம்எம்தான் தூக்கும்னா, அந்த ஹெட் 13 எம்எம்ல எவ்வளவு காத்து விடுதுங்கிறதுக்கு நீங்க ஒரு வெள்ளி கூட கொடுக்கத் தேவையில்ல.

வண்டி எங்க ஓடப் போகுதுன்னும் எழுதுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை மலேசியாவுல செப்பாங் ட்ராக் டேக்குப் போற வண்டிக்கும், தினமும் காலையில பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஜாம்ல ஊர்ந்து வேலைக்குப் போற வண்டிக்கும் ஒரே போர்ட் சரிப்படாது. ரோட்டு வண்டின்னா எஞ்சின்ல என்ன மாத்தலாம், எதுக்கு அனுமதி வாங்கணும்னு முதல்ல எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ரூல்ஸைப் பாருங்க. 10 வருஷம் தாண்டி சிஓஇ (கார் வச்சிருக்கிறதுக்கான உரிமச் சான்றிதழ்) புதுப்பிச்ச கார் வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் போகணும், அங்க புகை டெஸ்ட் இருக்கு, பெரிய போர்ட்டும் பெரிய கேமும் போட்டு ஐடில்ல தடுமாறுற எஞ்சின் அங்க மாட்டிக்கும்.

2. பையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்

நல்ல டார்ச், நேரான ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ், 0.05 எம்எம் தகடு இருக்கிற ஃபீலர் கேஜ், டிஜிட்டல் வெர்னியர், போர்ட் உள்ளளவு எடுக்க சின்ன ஸ்நாப் கேஜ், ஒரு மேக்னட், கூர்மையான ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரைபர், பழைய ஸ்பார்க் பிளக் நாலு, ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், துணி, மார்க்கர் பேனா.

"எதுக்குண்ணே இவ்வளவு, போட்டோல பார்த்தாலே தெரியுதே"ன்னு கேட்பாங்க. போட்டோல தெரியுறது நிறம் மட்டும்தான். இந்தப் பை எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஹெட் காஸ்கெட் செட் விலையைத் தாண்டாது, அடுத்த ஹெட்டுக்கும் உதவும். அளக்க விடமாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க. "பாஸ், டைம் இல்ல"ன்னு சொன்னா வேற நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க.

3. காஸ்டிங் நம்பரும் கேம் கேப்பும்: முதல் அஞ்சு நிமிஷம்

ஹெட்ல வார்த்திருக்கிற எழுத்தைப் பாருங்க. பி16ஏல பிஆர்3னு இருக்கும், ஜிஎஸ்ஆர் பி18சி1ல பி72ன்னு இருக்கும். ரெண்டும் விடெக், ரெண்டுக்கும் வால்வு 33, 28 எம்எம்தான், ஆனா இன்டேக் மேனிஃபோல்ட் ஒண்ணோடது இன்னொண்ணுல உட்காராது. மேனிஃபோல்டை மாத்துற காசையும் சேர்த்துத்தான் அந்த ஹெட்டோட விலை.

அடுத்தது கேம் கேப். ஃபேக்டரில கேப்பை ஹெட் மேல மாட்டின நிலையில ஒரே நேர்கோட்டில துளைக்கிறாங்க, அதனால ஒரு ஹெட்டோட கேப் இன்னொரு ஹெட்டுக்கு ஒத்து வராது. போல்ட் ஓட்டை சரியா உட்காருதேன்னு மாட்டினா கேம் இறுகிடும், இல்லாட்டி ஆயில் பிரஷர் அந்த இடைவெளியில போயிடும். மேல இருக்கிற நம்பர், அம்புக்குறி, அலுமினியத்தோட நிறம், அழுக்குப் படிஞ்ச விதம் எல்லாம் ஒண்ணுபோல இருக்கான்னு பாருங்க. முடிஞ்சா ராக்கர் (கேம் அசைவை வால்வுக்குக் கொண்டு போற கை) இல்லாம வெறும் கேமை வச்சு கேப்பை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு முறுக்கி கையால சுத்திப் பாருங்க, வழுக்கிட்டுச் சுத்தணும். ஒரு இடத்துல பிடிச்சாலே கேப் மாறியிருக்கு, இல்ல ஹெட் வளைஞ்சிருக்கு.

கேப் இல்லாம ஹெட் மட்டும் வருதுன்னா என்னைப் பொறுத்தவரைக்கும் பழைய இரும்புக் கடை விலைதான், உள்ள யார் போர்ட்டிங் பண்ணியிருந்தாலும் சரி.

விடெக் ஹெட்டுன்னா ராக்கர், ஷாஃப்ட், உள்ள இருக்கிற பின், லாஸ்ட் மோஷன் ஸ்பிரிங் எல்லாம் எண்ணிப் பாருங்க. ராக்கர்ல கேம் உரசுற இடத்துல பள்ளமோ கோடோ இருந்தா அதையும் குறிச்சுக்குங்க. தனித்தனியா தேடி வாங்கினா இதுலயே காசு பறந்துடும்.

4. தட்டையா இருக்கா, எவ்வளவு சீவியிருக்காங்க

ஹெட்டைத் திருப்பி வச்சு ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்குல ரெண்டு ஓரம், நடுவுல ஒண்ணு, குறுக்கே ரெண்டு மூலை விட்டு மூலைன்னு வைங்க. 0.05 எம்எம் தகடு எங்கேயும் நுழையக்கூடாது, ஹோண்டா மேனுவல் சொல்ற எல்லை அதுதான். நுழைஞ்சா ஸ்கிம் பண்ணணும், அதாவது அந்த முகத்தை மெஷின்ல சீவணும்.

ஸ்கிம் பண்ண மிச்சம் இடம் இருக்கான்னு உயரம் சொல்லும். பி சீரிஸ் விடெக் ஹெட்டோட புது உயரம் 141.95லேர்ந்து 142.05 எம்எம், மொத்தமா 0.2 எம்எம் வரைக்கும்தான் சீவலாம்னு மேனுவல் சொல்லுது. நாலு மூலையிலும் அளந்து எழுதுங்க. 141.8க்குக் கீழ இருந்தா ஏற்கனவே எல்லையைத் தொட்டாச்சு, இன்னொரு தடவை சூடேறி வளைஞ்சா வழியில்ல. நாலு மூலையும் வேற வேற நம்பர் காட்டினா சாய்வா சீவியிருக்காங்க, அது இன்னும் மோசம்.

அதிகமா சீவினது ஏன் விலையைக் குறைக்கணும்னு புரிஞ்சுக்கணும். 81 போர், 87.2 ஸ்ட்ரோக் இருக்கிற பி18சில ஒரு சிலிண்டர் சுமார் 449 சிசி. கம்ப்ரஷன் 10க்கு ஒண்ணுன்னா மேல மிச்சம் இருக்கிற இடம் 50 சிசிக்குக் கொஞ்சம் கம்மி, அதுல 1 சிசி குறைஞ்சாலே கம்ப்ரஷன் 10.2 ஆயிடும். 0.2 எம்எம் சீவினா முக்காலிலேர்ந்து 1 சிசி வரைக்கும் போயிடும். ஏற்கனவே மேட்டுப் பிஸ்டன் போட்டு 98 பெட்ரோல்ல விளிம்புல நிக்கிற எஞ்சினுக்கு இதுவே நாக்கிங்கை (பெட்ரோல் தப்பான நேரத்துல தானா வெடிச்சுத் தட்டுறது) கொண்டு வரும்.

இதுல நிறைய பேர் மறக்கிறது ரெண்டு. சீவினா கேம் கீழ இறங்குது, அதனால டைமிங் கொஞ்சம் பின்னால போகுது, சரிபண்ண அட்ஜஸ்ட் பண்ற கேம் கியர் வேணும். இன்னொண்ணு, வால்வு பிஸ்டனுக்கு அத்தனை கிட்ட வருது. பொதுவா இன்டேக்ல 2 எம்எம், எக்ஸாஸ்ட்ல 2.5 எம்எம் இடைவெளியாவது வச்சுப்பாங்க, பெரிய கேம் போட்டிருந்தா பிஸ்டன் மேல களிமண் வச்சு அளந்தே ஆகணும்.

5. விரிசல், ஓட்டை, வெல்டிங்

போர்ட்டிங் பண்றவர் கை கொஞ்சம் தவறினாலும் தண்ணிப் பாதையில ஓட்டை விழுந்துடும். வெளியில தெரியாது, உள்ள சுவர் காகிதம் மாதிரி இருக்கும், எஞ்சின் சூடாகி ஆறி சூடாகி ஆறி மூணாவது மாசம்தான் கூலன்ட் குறையும்.

டார்ச்சை போர்ட்ல ஒரு பக்கமா சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. எப்பாக்ஸி பூசின இடம் நிறத்துல மங்கலா, கொஞ்சம் சாம்பலா தெரியும், ஸ்க்ரைபரால லேசா கீறினா அலுமினியம் மின்னும், எப்பாக்ஸி தூளா வரும். போர்ட் தரையை உயர்த்துறதுக்காகவே எப்பாக்ஸி போடுறவங்க உண்டு, அது தப்பு வேலை இல்ல, ஆனா விக்கிறவர் தானா சொல்லியிருக்கணும், நாலு போர்ட்லயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரே ஒரு போர்ட்ல மட்டும் இருந்தா அது ஒட்டுப் போட்டது.

விரிசல் அதிகமா வர்ற இடம் ரெண்டு வால்வு சீட்டுக்கு (வால்வு மூடும்போது உட்கார்ற வளையம்) நடுவுல, சீட்லேர்ந்து ஸ்பார்க் பிளக் ஓட்டைக்குப் போற வழியில. அங்க துடைச்சுட்டுப் பாருங்க. வெல்டிங் பண்ணியிருந்தா அந்த இடம் மென்மையாயிடும், கேம் வரிசையும் வளைஞ்சிருக்கலாம், அதனால வெல்டிங்குக்கு அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட், லைன் செக் பண்ணினதுக்கு பில் கேளுங்க. ஓவர்ஹீட் ஆன ஹெட்டும் இதே மாதிரி மென்மையாயிடும், சந்தேகம் இருந்தா மெஷின் ஷாப்ல ஹார்ட்னஸ் அளக்கச் சொல்லுங்க, மென்மையான ஹெட்டை எத்தனை தடவை சீவினாலும் காஸ்கெட் நிக்காது.

கண்ணால பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. பிரஷர் டெஸ்ட் பண்ணணும், அதுவும் சுடுதண்ணியில மூழ்க வச்சு காத்தடிச்சுப் பார்க்கிற டெஸ்ட். குளிர்ந்த ஹெட்ல மூடியிருக்கிற விரிசல் சூட்டுலதான் திறக்கும். பழைய டெஸ்ட் பேப்பர் காட்டினா அது போர்ட்டிங்குக்கு முன்னாடி எடுத்ததா பின்னாடி எடுத்ததான்னு தேதியைப் பாருங்க. இதை இங்க நிறைய பேர் விட்டுடறாங்க, முன்னாடி எடுத்த பேப்பரால ஒரு பிரயோஜனமும் இல்ல.

6. வால்வு சீட்டும் கைடும்: பவர் வர்ற இடம் இதுதான்

போர்ட்டை எவ்வளவு அழகா வெட்டினாலும், வால்வு சீட்டுக்கு மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் இருக்கிற அந்தக் குட்டி இடத்துலதான் காத்து அதிகமா சிரமப்படுது. நல்ல சீட் வேலை இருக்கிற சாதா ஹெட், மோசமான சீட் வேலை இருக்கிற பளபள ஹெட்டைத் தோற்கடிக்கிறதை நான் எங்க கடையிலயே பலமுறை பார்த்திருக்கேன்.

முதல்ல லீக் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவுத்து லெவலா வச்சு, சேம்பர்ல (பெட்ரோல் எரியுற குழி) மண்ணெண்ணெய் ஊத்துங்க, பத்து நிமிஷம் கழிச்சு போர்ட் உள்ள விரல் விட்டுப் பாருங்க. ஈரம் வந்தா சீட் வேலை பாக்கி இருக்கு. இப்பதான் வால்வு ஜாப் பண்ணினேன்னு சொன்னவர் முன்னாடியே ஊத்துங்க, கூச்சப்படாதீங்க.

வால்வைக் கழட்ட விட்டாங்கன்னா சீட் அகலம் பாருங்க. இன்டேக்ல 1லேர்ந்து 1.25 எம்எம், எக்ஸாஸ்ட்ல கொஞ்சம் அகலமா 1.5 பக்கம் இருக்கலாம், எக்ஸாஸ்ட் வால்வோட சூடு சீட் வழியாத்தான் இறங்குது, அதனாலதான் அங்க அகலம் வேணும். 30, 45, 60 டிகிரின்னு மூணு கோணமாவது தெளிவா மோதிரம் மாதிரி தெரியணும், சுத்தி ஒரே அகலத்துல. ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா இருந்தா கைடு (வால்வு தண்டு ஓடுற குழல்) தேய்ஞ்ச ஹெட்ல சீட் வெட்டியிருக்காங்க.

வால்வு எல்லாம் மூடின நிலையில ஸ்டெம் (வால்வு தண்டு) நுனி உயரத்தை 16க்கும் அளந்து எழுதுங்க. ஏதாவது ரெண்டு மூணு மட்டும் உயரமா நின்னா அந்த சீட் ஆழமா இறங்கியிருக்கு. சீட் இறங்கினா ஸ்பிரிங் உட்கார்ற உயரம் அதிகமாகுது, ஸ்பிரிங் அழுத்தம் குறையுது, 8000 ஆர்பிஎம்ல வால்வு சரியா மூடாம மிதக்கும். ஸ்பிரிங் அடியில ஷிம் (மெல்லிய வளையம்) போட்டு சரிபண்ணலாம், ஆனா அந்த சீட்டை இன்னொரு தடவை வெட்ட இடம் இருக்காது.

கைடுக்கு வால்வை 10 எம்எம் தூக்கி வச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, டயல் கேஜ் இருந்தா இன்னும் நல்லது, எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதல்ல தேயும். டைட்டானியம் ரீட்டெய்னர் (ஸ்பிரிங் மேல உட்கார்ற தட்டு)ன்னு சொன்னா மேக்னட்டை வைங்க. ஒட்டினா அது இரும்பு.

7. இப்பதான் போர்ட்டுக்குள்ள எட்டிப் பார்க்கணும்

முதல் சிலிண்டரையும் நாலாவதையும் ஒப்பிடுங்க. கையால போர்ட்டிங் பண்றவங்க காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் நாலாவதுக்கு வரும்போது கை அசந்திருக்கும், அது ஸ்நாப் கேஜ்ல அப்படியே தெரியும். சிஎன்சில (கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்) வெட்டினது நாலும் ஒண்ணுபோல இருக்கும், அதுக்காக அது நல்ல வடிவம்னு அர்த்தம் ஆகாது, தப்பான வடிவத்தையும் மெஷின் நாலு தடவை அச்சு பிசகாம வெட்டிக் கொடுக்கும்.

சீட்டுக்குக் கீழ இருக்கிற தொண்டை வால்வு விட்டத்துல 85லேர்ந்து 90 சதவீதம் இருக்கணும். 33 எம்எம் வால்வுக்கு சுமார் 28லேர்ந்து 29.7. அதைத் தாண்டினா சீட்டுக்கு அடியில பிடிமானம் இல்ல, கோணம் வெட்டவும் இடமில்ல, திரும்பக் கொண்டு வரணும்னா சீட்டையே மாத்தணும்.

அடுத்தது போர்ட் தரை வளைஞ்சு சேம்பருக்குள்ள இறங்குற அந்தத் திருப்பம். சுண்டு விரலால தடவுங்க. உருண்டையா இறங்கணும். கத்தி முனை மாதிரி இருந்தாலோ தட்டையா சீவி விட்டிருந்தாலோ காத்து அங்க தரையை விட்டுப் பிரிஞ்சுடும், லிஃப்ட் ஏற ஏற ஃப்ளோ நின்னு போயிடும். மேனிஃபோல்ட் வாய்ப் பக்கம் காஸ்கெட் அளவுக்குப் பெருசா அறுத்து விட்டிருக்கிறதும் அடிக்கடி பார்க்கிற தப்பு. வாய் பெருசு, உள்ள சின்னதுன்னா காத்து வேகம் இழந்து மறுபடி வேகம் பிடிக்கணும்.

கண்ணாடிப் பளபளப்புக்குத் தனியா காசு கொடுக்காதீங்க. மேனிஃபோல்ட்ல இன்ஜெக்டர் இருக்கிற எஞ்சின்ல இன்டேக் சுவர் 60, 80 கிரிட் சொரசொரப்புல இருந்தாலே போதும், பெட்ரோல் சுவர்ல படலமா ஒட்டி வழியாம இருக்க அதுதான் உதவும். எக்ஸாஸ்ட்ல வழுவழுப்பா இருந்தா கார்பன் ஒட்டுறது மெதுவாகும், அங்க நியாயம்.

போர்ட் சிசியையும் கேளுங்க. ஃப்ளோ 5 சதவீதம் ஏறி போர்ட் கொள்ளளவு 20 சதவீதம் ஏறியிருந்தா காத்து வேகம் குறைஞ்சிருக்கு. அந்த ஹெட் கடைசி 1000 ஆர்பிஎம்ல ஏதோ கொடுக்கும், செப்பாங்ல மூலையை விட்டு வெளிய வரும்போது வேண்டிய நடு ரேஞ்ச்ல தொங்கிடும்.

8. ஃப்ளோ ஷீட்டைப் படிக்கிறது

"அண்ணே 270 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து) வருது"ன்னு சொன்னா அந்த நம்பர்ல பாதிச் செய்திதான் இருக்கு. எத்தனை இஞ்ச் தண்ணி அழுத்தத்துல? இப்ப பெரும்பாலும் 28 இஞ்ச்ல அளக்கிறாங்க, 25லயும் 10லயும் எடுத்த ஷீட்டும் சுத்துது. மாத்துறது சுலபம், ரெண்டு அழுத்தத்தையும் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பெருக்குங்க. 10லேர்ந்து 28க்கு 1.673, 25லேர்ந்து 28க்கு 1.058. அப்போ 25ல 250ன்னு காட்டுற ஹெட்டும் 28ல 265ன்னு காட்டுற ஹெட்டும் ஒண்ணுதான், பேப்பரைப் பார்த்து ரெண்டாவதுக்கு 400 வெள்ளி கூடக் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

அப்புறம் எந்த போர் மேல வச்சு அளந்தாங்க, 81 எம்எம்மா 86ஆ? பெரிய போர்ல வால்வு ஓரம் திறந்து கிடக்கும், நம்பர் ஏறும். எக்ஸாஸ்ட்ல பைப் மாட்டினாங்களா? ஒரு சிலிண்டர்தானா நாலுமா? நாலும் இருந்தா ஒண்ணுக்கொண்ணு 2, 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும். போர்ட்டிங்குக்கு முன்னாடி இதே ஹெட்டை இதே பெஞ்ச்ல (ஃப்ளோ அளக்கிற மெஷின்) எடுத்த ஷீட் இருக்கா? வேற பெஞ்ச்ல எடுத்ததோட ஒப்பிட்டா எதுவும் தெரியாது. முன்னும் பின்னும் ஒரே பெஞ்ச்னா அந்த வித்தியாசத்தை நம்பலாம்.

இப்ப ரெண்டு ஹெட் வச்சுப் பார்ப்போம், நம்பர் புரியுறதுக்காக நான் போட்டது. முதல் ஹெட் 5 எம்எம்ல 155, 7.5ல 215, 10ல 245, 12.5ல 262. ரெண்டாவது ஹெட் 143, 203, 244, 275. விளம்பரத்துல ரெண்டாவதுதான் 275ன்னு கொட்டை எழுத்துல வரும். உங்க கேம் 10.7தான் தூக்குதுன்னா முதல் ஹெட்தான் உங்களுக்கு. வால்வு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் உச்சியை ஒரு தடவைதான் தொடுது, அதுக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு லிஃப்டையும் ஏறும்போது ஒரு தடவை இறங்கும்போது ஒரு தடவைன்னு ரெண்டு தடவை கடக்குது. அந்த நடு லிஃப்ட் நம்பருக்குத்தான் காசு.

ஷீட் பொய்யான்னு பார்க்க ஒரு கணக்கு. 28 இஞ்ச் அழுத்தத்துல ஒரு சதுர சென்டிமீட்டர் வழியா தோராயமா 22.6 சிஎஃப்எம்தான் போக முடியும், அதுவும் இழப்பே இல்லாம. 29 எம்எம் தொண்டை ரெண்டு, ஸ்டெம் மறைக்கிறது போக சுமார் 12.7 சதுர சென்டிமீட்டர், அதாவது 288 பக்கம். அந்தத் தொண்டை அளவுள்ள ஹெட்டுக்கு 300க்கு மேல பேப்பர் காட்டினா எப்படி அளந்தீங்கன்னு விவரமா கேளுங்க.

எவ்வளவு பவர் தாங்கும்னு தெரிய, 28 இஞ்ச்ல வர்ற சிஎஃப்எம்மை 0.257ஆல பெருக்கி சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்குங்க. 245 × 0.257 × 4 = 252 ஹார்ஸ்பவர், கிராங்க்ல, டர்போ இல்லாம, மத்த எல்லாமே கச்சிதமா இருந்தா. இது ஹெட் இடம் கொடுக்கிற எல்லை மட்டும்தான். உங்க எஞ்சின் இப்ப 180 கொடுக்குது, பழைய கேமும் பழைய மேனிஃபோல்டும் மாத்த மாட்டீங்கன்னா, ஸ்டாக் ஹெட்டே இன்னும் வழிமறிக்கல, முதல்ல கேமுக்கும் ட்யூனிங்குக்கும் செலவு பண்ணுங்க.

எக்ஸாஸ்ட் ஃப்ளோ இன்டேக்ல 70லேர்ந்து 80 சதவீதம் இருந்தா டர்போ இல்லாத எஞ்சினுக்கு நல்லது. ஷீட்ல எக்ஸாஸ்ட்டே இல்லைன்னா அந்தப் பக்கம் கை வைக்கலைன்னு எடுத்துக்குங்க.

9. விலைக் கணக்கு

மூணு கூட்டணும், ஒண்ணு கழிக்கணும். இதே மாதிரி போர்ட்டிங் பண்ணாத நல்ல ஹெட் இன்னைக்கு என்ன விலை, இதே வேலையை உங்க மெஷின் ஷாப் இப்ப பண்ண எவ்வளவு கேட்கும், கூட வர்ற ஸ்பிரிங் ரீட்டெய்னர் வால்வு பாதி விலைக்கு எவ்வளவு. இதுலேர்ந்து நீங்க இன்னும் பண்ண வேண்டிய செலவைக் கழிங்க.

கேட்கிற விலை 2600ன்னு வைங்க. ஹெட் 1000, போர்ட்டிங் கூலி 1200, பார்ட்ஸ் 300, ஆக 2500. பாக்கி வேலை: சீட் வெட்டி சீல் மாத்த 250, பிரஷர் டெஸ்டும் ஸ்கிம்மும் 180, கேம் கியர் 200, ஆக 630. மிச்சம் 1870. இந்த நம்பரெல்லாம் உதாரணம்தான், கரெக்டான விலையை ரெண்டு கடையில கேட்டுப் போட்டுக்குங்க.

முக்கியமான விதி ஒண்ணு எங்க கடையில வச்சிருக்கோம்: முன் பின் ஷீட் இல்லாத போர்ட்டிங்குக்குக் கூலியில பாதிதான் கணக்கு. அப்போ மேல சொன்னது 1270க்கு வந்துடும். சேம்பரோ போர்ட்டோ உங்க எஞ்சினுக்குப் பெருசுன்னா அந்தக் கூலியைச் சுத்தமா சைபர் போடுங்க, வெட்டின அலுமினியத்தை யாரும் திரும்ப வைக்க முடியாது.

10. காசு கொடுக்கிறதும் கொண்டு வர்றதும்

முழுக் காசையும் அன்னைக்கே கொடுக்காதீங்க. முன்பணம் கொடுத்து, ஏழு நாளைக்குள்ள பிரஷர் டெஸ்ட்ல தோத்தா திருப்பி எடுத்துக்கணும்னு மெசேஜ்ல எழுதி வாங்குங்க. ஹெட்டோட காஸ்டிங் நம்பர், நாலு மூலை உயரம், கேப் போட்டோ அந்த மெசேஜ்லயே இருக்கட்டும், திருப்பிக் கொடுக்கும்போது "இது என் ஹெட்டே இல்ல"ன்னு பேச்சு வராது.

ஜேபில (ஜொகூர் பாரு) ஹாஃப் கட் (பாதியா அறுத்த பழைய கார் பார்ட்ஸ்) கடையில வாங்கினா உட்லண்ட்ஸ்லயோ துவாஸ்லயோ டிக்ளேர் பண்ணணும். 48 மணி நேரத்துக்குள்ள திரும்புறவருக்கு 100 வெள்ளி வரைக்கும்தான் விலக்கு, அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, ரசீது கையில இருக்கணும். அமெரிக்காவுலேர்ந்தோ ஜப்பான்லேர்ந்தோ வரவழைச்சா பொருள் விலையோட கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போடுவாங்க. ஹெட் கனம், கூலி ஏறும், 9ஆம் படியில அந்தக் காசையும் கழிச்சுட்டுத்தான் பேரம் பேசணும்.

தூக்கிட்டு வரும்போது கேமைக் கழட்டிடுங்க. கேம் மாட்டின நிலையில சில வால்வு திறந்து வெளிய நீட்டிட்டு இருக்கும், கார் பூட்ல கவுத்து வச்சா முதல் ஸ்பீட் பம்ப்லயே வளைஞ்சுடும். கேப்பை அந்தந்த இடத்துலயே லேசா முறுக்கி விடுங்க, தனியா பிளாஸ்டிக் பையில போடாதீங்க. சீவின முகத்துக்கு ரெண்டு பக்கம் மரக்கட்டை, நடுவுல துணி. வீட்டுக்கு வந்ததும் மேல லேசா ஆயில் தடவி மூடி வைங்க, இங்க இருக்கிற ஈரக் காத்துல ஸ்பிரிங்கும் இரும்பு சீட்டும் சீக்கிரமே துரு பிடிச்சுடும், துரு பிடிச்ச சீட்ல மண்ணெண்ணெய் டெஸ்ட் மறுபடி தோத்துப் போகும்.